கண்டு வாங்கும் உரிமை

தொழுகையில் ஒரு ஸஜ்தா விட்டுப் போனால் என்ன செய்வது என்று கேட்டு நம்மிடம் வருகிறவர்கள் பலர். நோன்பு வைத்துக்கொண்டு கண்ணுக்கு மருந்து விடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால், “கடையில் வாங்கிய துணியில் பொத்தல் இருந்தது, கடைக்காரர் திரும்ப வாங்க மறுக்கிறார், மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது?” என்று கேட்டு வருகிறவர் வருஷத்துக்கு ஒருவரோ இருவரோதாம். கொடுக்கல் வாங்கல் என்பது கடைத்தெருவின் விவகாரம், அதற்கும் பள்ளிவாசலுக்கும் சம்பந்தமில்லை என்று நம்மவர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஃபிக்ஹு கிதாபுகளைப் புரட்டினால் வணக்கங்களின் பாகம் முடிந்த உடனே தொடங்குவது வியாபாரத்தின் பாகம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

வியாபாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விற்கிறவருக்கே உபதேசம் செய்கிறார்கள். இந்த மாதப் பாடத்தில் நாம் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்ப்போம். கடைக்கு நேரில் நடந்து போகிறவர் எதற்காகப் போகிறார்? அங்கே அவர் எல்லாவற்றிலும் பெரிதாக மதிப்பது எது? அதை ஷரீஅத் எவ்வளவு தூரம் அவருக்கு உரிமையாக்கித் தந்திருக்கிறது?

விலைக்காகத்தான் போகிறோம் என்று பலரும் உடனே சொல்லிவிடுவார்கள். காரைக்கால்வாசிகளின் வாயில் இந்தப் பதில் இன்னும் எளிதாக வரும். 1739-ல் பிரெஞ்சுக்காரர் வசம் போய், 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்தில் சேர்ந்த இந்தச் சிறு நிலப்பரப்பு, மூன்று பக்கமும் உள்ள தமிழ்நாட்டு ஊர்களினின்றும் வரி விஷயத்தில் வேறாகவே இருந்துவந்தது. நாகூரிலிருந்தும் திருவாரூரிலிருந்தும், காரைக்காலில் மலிவு என்று பஸ் ஏறி வந்து சாமான் வாங்கிப் போனவர்கள் அநேகர். 2017 ஜூலை 1-ல் நாடு முழுவதற்கும் ஒரே சரக்கு சேவை வரி வந்தபின் பெரும்பாலான சரக்குகளில் அந்த வேற்றுமை மறைந்துவிட்டது. பெட்ரோலும், நாம் பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு சரக்கும் அந்த வரிக்கு வெளியே நிற்கின்றன. போதாததற்கு, இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் படம் பார்த்து வாங்கலாம். சாமான் வாசலுக்கு வந்துவிடுகிறது. சில வேளை கடையைவிட விலையும் குறைவாயிருக்கிறது. அப்படியிருந்தும் பெருநாளுக்கு முந்திய இரவுகளில் பாரதியார் சாலைத் துணிக்கடைகளில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லையே, ஏன்? மலிவு ஒன்றுதான் காரணமென்றால் அந்தக் கூட்டம் என்றோ வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள மீன் வாங்கும் இடத்துக்குப் போக வேண்டும். காரைக்கால் நகரத்துக்குக் கிழக்கே கடலை ஒட்டியிருக்கும் காரைக்கால்மேடு, மீனவ மக்களின் பெரிய கிராமம். அவர்கள் பிடித்து வரும் மீன், ஏலம் போய், கூடைகளில் ஏறி, காலை வேளையில் நம் தெருக்களுக்கும் மார்க்கெட்டுக்கும் வந்து சேருகிறது. மீன் வாங்குகிற பெண்மணி முதலில் விலை கேட்பதில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். குனிந்து ஒரு மீனை எடுக்கிறார். செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார். கண் பளபளவென்று மேலே எழும்பி நிற்கிறதா, குழி விழுந்து வெளிறிப் போயிருக்கிறதா என்று பார்க்கிறார். விரலால் அழுத்துகிறார், சதை உடனே மேலே வந்தால் புது மீன், பள்ளம் பள்ளமாகவே நின்றால் பழையது. கடைசியில் மூக்கருகே கொண்டு போகிறார். இத்தனையும் ஆன பிறகே, “கூறு என்ன விலை?” என்ற பேச்சு. நல்ல மீன் கொண்டுவந்த அம்மாள் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. “நல்லாத் தூக்கிப் பாருங்கம்மா, பார்த்துட்டு வேணாம்னா வெச்சிட்டுப் போங்க” என்று தானே சொல்வார். பழைய மீன் வைத்திருப்பவரின் வாயில்தான், “எடுத்து எடுத்துப் பார்த்தா மீன் நசுங்கிப் போகும்” என்ற வார்த்தை வரும்.

விலை இரண்டாவது என்பதற்கு இன்னொரு சாட்சியமும் இந்தக் கரையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்து காரைக்கால்மேட்டையும் பக்கத்துக் கிராமங்களையும் சூறையாடியது. அதற்குப் பின் பல நாட்கள் இந்தக் கடற்கரை நெடுகிலும் மீன் வாங்க ஆளில்லை. கடலில் எத்தனை பேர் போயினரோ, அந்தக் கடலின் மீனை எப்படித் தின்பது என்ற அச்சம் ஜனங்களைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கை நீளவில்லை. சரக்கின் மேல் உள்ள நம்பிக்கை போய்விட்டால் விலைக் குறைவு அந்த இடத்தை நிரப்பாது.

ஆகவே கடைக்கு நேரில் போகிறவர் எல்லாவற்றுக்கும் மேலாகத் தேடுவது, தன் கண்ணால் கண்டு, தன் கையால் தொட்டு, பிடித்தால் வாங்கி, பிடிக்காவிட்டால் மனவருத்தமின்றித் திரும்பும் சுதந்திரத்தையே. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத குறை ஏதும் இருந்தால் அதை விற்கிறவர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்தது. நம் இமாம்கள் இந்த இரண்டையும் எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

நமது கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் மிகுதி. ராவுத்தர் குடும்பங்களில் ஹனஃபி மத்ஹபினர் உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் பலமான சொல் எதுவென்றால், வாங்குகிறவரும் விற்கிறவரும் கண்ணால் காணாத பொருளின் வியாபாரம் கூடாது என்பதே. ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் இதையே உறுதிப்படுத்துகிறார்கள். ஹனஃபி மத்ஹபில் காணாத பொருளை வாங்கலாம். ஆனால் கண்ட பிறகு வேண்டாமென்று திருப்பிவிடும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. ‘கியாருர் ருஃயா’ என்று அதற்குப் பெயர். பாதைகள் வேறானாலும், கண்ணால் காணும் வரையில் ஒருவரைக் கட்டிப்போட முடியாது என்பதில் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேருகின்றன.

காண்பது என்றால் எவ்வளவு காண்பது? இங்கேதான் ஃபுகஹாக்கள் நம் கடைத்தெருவுக்குள்ளேயே இறங்கி வருகிறார்கள். ஒரு பகுதியைக் கண்டால் மீதியும் அவ்வாறே இருக்கும் என்று தெரியக்கூடிய சரக்கில் ஒரு பகுதியைக் காண்பது போதும். கோதுமைக் குவியலின் மேற்புறத்தைக் கண்டால் போதும். அரிசி மூட்டையில் ஒரு கை அள்ளிக் காட்டுவதும் அந்த வகையே. மாதுளம்பழத்துக்கும் முட்டைக்கும் தோலும் ஓடும் அவற்றின் பாதுகாப்பு. ஆதலால் உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மாதுளையைக் குவியலாக விற்றால் மேலே இருப்பதைப் பார்த்துவிட்டு முழுவதையும் வாங்க முடியாது. ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டும். திராட்சைக் கூடைக்கும் மேற்புறம் காண்பது போதாது. ஏனென்றால் இவற்றில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம். ஐஸ் பெட்டியில் அடுக்கிய மீனுக்கும் இதே சட்டம் பொருந்தும் என்பது நம் கருத்து. மேல் அடுக்கில் இன்றைய மீனையும் அடியில் முந்தாநாள் மீனையும் வைத்துப் பெட்டியோடு தள்ளிவிடுகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

துணியைப் பற்றிய சட்டம் இன்னும் அழகானது. மடித்த துணியைப் பார்த்தது பார்த்ததாகாது. பிரித்துக் காட்ட வேண்டும். இரு பக்கமும் வேறு வேறாயிருக்கும் வேலைப்பாட்டுத் துணிக்கும் விரிப்புக்கும் இரு பக்கத்தையும் காட்ட வேண்டும். பருத்தித் துணிபோல் இரு பக்கமும் ஒன்றாயிருந்தால் ஒரு பக்கம் போதும். சேலையைப் பிரித்துப் போடச் சொன்னால், “பிரிச்சா மடிக்க முடியாதும்மா, வாங்குறதா இருந்தா பிரிக்கிறேன்” என்று சொல்லும் கடைக்காரர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். மடிக்கிற சிரமம் அவருடைய தொழிலின் சிரமம். அதைக் காட்டி வாங்குகிறவரின் உரிமையை மறைக்கக் கூடாது.

பார்ப்பது கட்டாயம் என்றுதான் நம் கிதாபுகள் சொல்கின்றன. காடியை ருசி பார்ப்பதும், கஸ்தூரியை முகர்ந்து பார்ப்பதும், துணியைத் தொட்டுப் பார்ப்பதும் வியாபாரம் செல்லுபடியாவதற்கு நிபந்தனை அல்ல. ஆனால் நிபந்தனை அல்ல என்பதால் விற்கிறவர் தடுக்கலாம் என்று பொருளாகாது. விரலால் அழுத்தாமல் மீனின் புதுமை எப்படித் தெரியும்?

இந்தத் தொடுதலைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அறியாமைக் காலத்து அரபிகளிடத்தில் ‘முலாமஸா’ என்று ஒரு வியாபாரம் இருந்தது. மடித்துக் கிடக்கும் துணியைத் தொட்டுவிட்டால் போதும், தொட்டவர் அதை வாங்கியவராகிவிடுவார். பிரித்துப் பார்த்தபின் வேண்டாமென்று சொல்ல அவருக்கு உரிமையில்லை. ‘முனாபதா’ என்ற இன்னொன்றில் துணியை ஒருவர் மற்றவர்பால் வீசி எறிந்தாலே வியாபாரம் முடிந்ததாகும். நாயகம் (ஸல்) அவர்கள் இவ்விரண்டையும் தடுத்தார்கள். இந்த ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது.

வாசகர்களே! அந்த முலாமஸா இன்று ஒழிந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? காலையில் கடை திறந்ததும் முதலில் வருகிறவர் வாங்காமல் போனால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்று நம்புகிறவர்கள் நம் கடைத்தெருவில் எத்தனை பேர்! போணி என்றும் கைநீட்டம் என்றும் இதற்குப் பெயர். முதல் ஆளாக வந்த ஏழைப் பெண் ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, விலை ஒத்துவராமல் வைத்துவிட்டால், “போணி நேரத்துல கையில எடுத்துட்டு வெச்சிட்டுப் போறியே” என்று கடிந்து பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சி, தேவையில்லாத பொருளை வாங்கிப் போகிறவர்கள் உண்டு. தொட்டதால் வாங்க வேண்டும் என்று ஆக்கிவிட்டால் அதற்கும் முலாமஸாவுக்கும் தூரம் எவ்வளவு? சகுனம் பார்ப்பது தனிக் குற்றம். ஒருவரின் மனப்பொருத்தம் இல்லாமல் அவர் பணத்தைப் பெறுவது அதற்கும் மேலான குற்றம். முதல் வியாபாரம் நல்லபடி அமைய வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. அதற்கு வழி, முதல் ஆளுக்கு முகமலர்ச்சியோடு சரக்கை எடுத்துக் காட்டுவதே.

இங்கே ஒரு சரித்திரச் செய்தியையும் சொல்லிவிடுவோம். காரைக்கால் எந்தக் கொடியின் கீழ் இருந்ததோ அந்தப் பிரெஞ்சு தேசத்தின் தலைநகரமாகிய பாரிஸில், 1852-ல் பூசிக்கோ என்பவர் ‘போன் மார்ஷே’ என்ற கடையில் கூட்டாளியாகச் சேர்ந்தார். யாரும் உள்ளே வந்து பார்க்கலாம், வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. விலை எழுதி ஒட்டியிருக்கும். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். இவற்றையெல்லாம் அவர் வழக்கமாக்கினார். அந்தச் சிறிய கடை உலகப் புகழ் பெற்ற பெருங்கடையாக வளர்ந்தது. பார்த்துவிட்டுச் சும்மா போக அனுமதித்தால் நஷ்டம் வரும் என்று நினைக்கும் நம் கடைக்காரர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, பேரம் முடிந்து பணமும் கொடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடை வாசலைத் தாண்டுமுன் வாங்கியவர் மனம் மாறுகிறார். ஷாஃபிஈ மத்ஹபில் அவருக்கு உரிமை உண்டு. விற்றவரும் வாங்கியவரும் அந்த இடத்தைவிட்டுப் பிரியும் வரையில் இருவருக்குமே வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது. இதற்குக் ‘கியாருல் மஜ்லிஸ்’ என்று பெயர். ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இதற்கு ஆதாரம். இருவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய் பேசினால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அதே ஹதீஸில் வருகிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் தமக்குப் பிடித்தமான பொருளை வாங்கினால், வியாபாரம் உறுதிப்படுவதற்காக விற்றவரைவிட்டு உடனே நகர்ந்து போய்விடுவார்களாம். ஹனஃபி மத்ஹபில் இந்த உரிமை இல்லை. பேச்சு முடிந்தால் வியாபாரம் முடிந்தது. ஆனால் அங்கும், வருந்திக் கேட்கிறவரிடம் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்வது மிகவும் விரும்பத்தக்கது.

இப்போது நம் கடைகளின் சுவரிலும் ரசீதிலும் காணப்படும் வாசகத்துக்கு வருவோம். ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது.’ மனம் மாறிப்போய் மறுநாள் வருகிறவரைப் பற்றி இது எழுதப்பட்டதானால் கடைக்காரருக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் குறையுள்ள சரக்கைப் பற்றியும் இதையே காட்டுகிறார்களே, அது செல்லாது. எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல என்று நிபந்தனையிட்டு விற்றாலும், ஷாஃபிஈ மத்ஹபின் பலமான சொற்படி, பிராணிகளில் விற்கிறவருக்கே தெரியாத உட்குறை ஒன்றைத் தவிர வேறெதிலிருந்தும் அவர் தப்ப முடியாது. ஆட்டுக்கே அவ்வளவுதான் சலுகை என்றால் மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் ஏது? நாட்டின் சட்டமும் இன்று இதே பக்கம் வந்திருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட தவணைக்குள், தவணை எதுவும் எழுதப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ரசீது கொடுக்க மறுப்பதையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறது. சகோதரிகள் ரசீதைக் கேட்டு வாங்கி, அலமாரியில் ஓர் இடத்தில் போட்டு வைப்பது நல்லது.

வாங்கியவருக்கும் கடமை உண்டு. குறை தெரிந்த உடனே திருப்ப வேண்டும். தாமதித்தால் உரிமை போய்விடும். எவ்வளவு உடனே என்பதற்கும் கிதாபுகளில் அளவு இருக்கிறது. தொழுதுகொண்டிருக்கும்போதோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதோ தெரியவந்தால் முடித்துவிட்டுப் போகலாம். இரவில் தெரியவந்தால் விடிந்தபின் போகலாம். குறை தெரிந்த பிறகும் அந்தப் பொருளை உபயோகித்துக்கொண்டிருந்தால் அதை ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். பெருநாளைக்கு உடுத்திவிட்டு, மறுநாள் தையல் சரியில்லை என்று சட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது சாமர்த்தியமல்ல, மோசடி. கடைக்குப் போய் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதே பொருளைச் செல்போனில் வாங்கலாம் என்று முதலிலேயே தீர்மானித்துப் போவதும் முறையல்ல. பார்க்கும் உரிமை வாங்கும் எண்ணம் உள்ளவருக்குத் தரப்பட்டது.

கண்ணுக்கு எட்டாத குறையைச் சொல்வதுதான் கடைக்காரரின் பெரிய பொறுப்பு. மதீனாவின் கடைத்தெருவில் உணவு தானியக் குவியல் ஒன்றுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டதும், விரல்களில் ஈரம் பட்டதும், இது என்ன என்று கேட்டபோது மழையில் நனைந்துவிட்டது என்று அவன் சொன்னதும், ஜனங்கள் காணும்படி நனைந்ததை மேலே போட்டிருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டதும், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் நம்மில் எல்லோரும் அறிந்த சம்பவம். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தானியத்தை நனைத்தவன் அந்த வியாபாரி அல்ல, மழை. நனைந்த தானியத்தை விற்கவும் தடையில்லை. மறைத்ததுதான் குற்றம்.

காரைக்கால்மேட்டு மீனுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று அரசாங்கம் தடை விதித்திருக்கிறது. அந்த நாட்களில் சிறு படகுகள் கொண்டு வரும் கொஞ்ச மீனைத் தவிர, மற்றதெல்லாம் வெளியூரிலிருந்து ஐஸில் வருவது. ஐஸ் மீன் விற்பது ஹலால். அதை இன்று காலை கரைக்கு வந்த மீன் என்று சொல்லி விற்பது ஹராம். 2018 ஜூனில் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில், பிணத்தைப் பதப்படுத்தும் பார்மலின் கலந்த மீன் லாரி லாரியாகப் பிடிபட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்தும் அழுத்திப் பார்த்தும் கண்டுகொள்வது சிரமம். கண்ணும் கையும் தோற்றுப்போகிற அந்த இடத்தில் விற்கிறவரின் நாக்கு ஒன்றுதான் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு.

தங்கமும் இப்படித்தான். மாற்று என்ன என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்க அடையாள எண் இருந்தாக வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். பழைய நகைக்குப் புது நகை மாற்றுவதில் வட்டி கலக்கும் அபாயம் உண்டு. அது தனி மஸ்அலா, இங்கே வேண்டாம்.

சொல்ல வேண்டிய பொறுப்பு விற்கிறவரோடு நிற்பதில்லை. வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் ஒட்டகம் ஒன்று விலைபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போகையில் பின்னாலேயே போய், இறைச்சிக்கா சவாரிக்கா என்று விசாரித்து, அதன் குளம்பில் துளை இருப்பதைச் சொல்லிவிட்டார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் விலையைக் குறைக்கும்படி ஆயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் குறைப்பட்டபோது, குறையை அறிந்தவர் யாராயிருந்தாலும் சொல்லாமலிருப்பது ஆகுமானதல்ல என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டிருப்பதாக வாஸிலா (ரலி) பதில் சொன்னார்கள். நம் கடைகளில் வேலை செய்யும் பையன்களுக்கும் இது பொருந்தும். முதலாளி சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்று அவர்கள் தயங்கக்கூடும். கேட்கிறவரிடம் பொய் சொல்லாமலிருப்பதாவது அவர்கள் கையில் இருக்கிறதல்லவா?

செல்போனில் வாங்குவது கூடுமா என்ற கேள்வி இங்கே எழும். காணாத பொருளின் வியாபாரம் கூடாது என்று ஷாஃபிஈ மத்ஹபின்படி மேலே சொன்னோம். ஆனால் பொருளின் தன்மையையும் அளவையும் தெளிவாக வர்ணித்து, பணத்தை முன்கூட்டியே கொடுத்து, பின்னர் பொருளைப் பெறும் ‘ஸலம்’ என்ற வியாபாரம் அதே மத்ஹபில் ஆகுமானது. ஒரே மாதிரியாகத் தயாராகி வரும் சாமான்களை அந்த வகையில் சேர்க்கலாம் என்றும், ஹனஃபி மத்ஹபின் சொல்லை அனுசரிக்கலாம் என்றும் இக்கால உலமாக்கள் விளக்கம் தருகிறார்கள். வர்ணித்தபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ல் வந்த மின்வணிக விதிகளும் சொல்கின்றன. கூடும் என்பது வேறு, மனம் நிறைவது வேறு. மீனையும் பெருநாள் துணியையும் நம் வீட்டுப் பெண்கள் படத்தைப் பார்த்து வாங்க மனமொப்புவதில்லை என்பதில் நமக்கு ஆச்சரியமில்லை.

பார்க்க முடியாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண் பார்வை இல்லாதவர் நேரடியாகப் பொருளை வாங்குவது ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது; பார்வையுள்ள ஒருவரை வகீலாக வைத்து வாங்க வேண்டும். அவர் ஏமாறக் கூடாது என்பதற்காகவே இந்தச் சட்டம். சிறு பிள்ளைகளின் வியாபாரமும் அவ்வாறே செல்லாது. ஆனால் நம் வீடுகளில் அஸருக்குப் பிறகு பத்து வயதுப் பையன் கையில் காசையும் சீட்டையும் கொடுத்து அனுப்புவது சாதாரணம். அவன் போனால் அடியில் கிடக்கும் சொத்தைக் கத்திரிக்காயும் அழுகல் தக்காளியும் பையில் விழுகின்றன. வாப்பா போனால் விழுவதில்லை. தராசு ஒன்றுதான், ஆள் மாறினால் சரக்கு மாறுகிறது. அளவில் குறை செய்வோரைக் கண்டித்து ஒரு ஸூராவே அருளப்பட்டிருக்கிறது. பிள்ளை என்று பார்த்துத் தரத்தில் குறை செய்கிறவர் தம்மை அதில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டுக்காரர்களும், பொறுக்கி எடுக்க வேண்டிய காய்க்கும் மீனுக்கும் பிள்ளைகளை அனுப்பாமல், உப்பு, தீப்பெட்டி போன்ற விலை குறித்த பொட்டலங்களுக்கு மட்டும் அனுப்புவது சரி.

இன்னொருவர் இருக்கிறார், கண் இருந்தும் பார்க்காதவர். வீட்டில் மவுத்தாகி, கஃபன் துணி வாங்கக் கடைக்கு வருகிறவர். ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து என்று கணக்குச் சொல்லிவிட்டு நிற்பார். துணியைப் பிரித்துப் பார்ப்பதில்லை, விலை பேசுவதில்லை, மீதிச் சில்லறையைக்கூட எண்ணுவதில்லை. குறை இருந்தாலும் அந்தத் துணி திரும்பி வராது என்பது கடைக்காரருக்குத் தெரியும். மற்ற யார் வந்தாலும் பிரித்துக் காட்டத் தயங்குகிறவர்கூட, இவர் கேட்காவிட்டாலும் துணியை முழுதும் பிரித்து, கறையோ கிழிசலோ இல்லை என்று வெளிச்சத்தில் தாமே பார்த்து, அளவு சரியாயிருக்கிறதா என்று இரண்டாம் முறை முழம் போட்டு, பிறகு மடித்துக் கொடுக்க வேண்டும்.